மூன்று எண்ணிய பிறகு

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் யாருக்கு இங்கிலீஷில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தாலும் மூன்றாவது மாடிக்குத்தான் ஏறி வருவார்கள். கேஸ் கம்பெனிக்கு ஒரு போன் போட வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரிய வேண்டும், தண்ணீர் வராததற்கு யாரையாவது கேள்வி கேட்க வேண்டும். கடைசி வீட்டுக் கதவைத் தட்டினால் இங்கிலீஷம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

போனைக் கையில் வாங்கியதும் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். மனசுக்குள் மூன்று எண்ணுவாள். அதற்குப் பிறகுதான் பேச்சு. வாயின் இடது ஓரம் லேசாகக் கீழே இறங்கும். குரல் கம்பளிக்குள் சுருட்டி வைத்த மாதிரி அடியிலிருந்து வரும். பாதி வாக்கியத்தில் ஒரு மூச்சு நிற்கும். கடைசிச் சொல்லைப் பாரமான பையைத் தரையில் வைப்பது போல மெல்ல இறக்கிவைப்பாள். சுற்றி நிற்பவர்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அப்படியே வெள்ளைக்காரன்யா!" என்பார் கீழ்வீட்டு டெய்லர். "நாமளும் பேசறோமே இங்கிலீஷ், தகரத்துல கல்லடிச்ச மாதிரி."

எதிர்முனையில் பேசுகிறவர்களும் அவளுக்குத் தனி மரியாதை கொடுத்தார்கள். மற்றவர்களிடம் படபடவென்று பேசி வெட்டிவிடுகிற அதே ஆட்கள் அவளிடம் குரலைத் தணித்துக்கொள்வார்கள். 'மேடம், ஒண்ணும் அவசரமில்லை, நிதானமாச் சொல்லுங்க' என்பார்கள். அவளை வரிசையில் காத்திருக்க விடுவதில்லை. டெய்லர் மூன்று நாளாகக் கூப்பிட்டும் வராத கேஸ்காரன், அவள் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் படியேறி வந்துவிடுவான்.

அவளுக்கு இங்கிலீஷ் வந்தது கேப்டனிடமிருந்து. அவர் உண்மையில் கேப்டன் இல்லை, கப்பலில் என்ஜின் பார்த்தவர். வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேசுவார். இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீட்டில், மனைவி போன பிறகு தனியாக இருந்தார். ஒருநாள் குளியலறையில் விழுந்தார். இடது கையும் இடது காலும் போயின. அதற்கு அடுத்த வருஷம்தான் அவரைப் பார்த்துக்கொள்ள இவள் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது.

சேர்ந்தபோது அவளிடம் இருந்தது பள்ளிக்கூடத்துப் புத்தக இங்கிலீஷ். கண்ணால் வாசித்தால் புரியும், காதில் விழுந்தால் புரியாது. முதல் மூன்று மாதம் அவர் சொன்னது ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனால் இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. ஊட்டிவிடுகிறவள் கண்ணை நோயாளியின் வாயிலிருந்து எடுக்கவே கூடாது. விழுங்கினாரா, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா, புரையேறப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு முக்கால் மணி நேரம், ஒன்பது வருஷம். ஒரு மனிதனின் வாயை அவ்வளவு நேரம் பார்த்தால் அவன் மொழி எப்படி வராமல் போகும்? நாக்கு எங்கே படுகிறது, உதடு எப்போது குவிகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு பேசுகிறார் என்பதையெல்லாம் அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கஞ்சி கிளறும்போது சொல்லிப் பார்ப்பாள்.

அந்த மூன்று எண்ணிக்கைதான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெரிய மனுஷர்கள் யோசித்துத்தான் பேசுவார்கள் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளிநாட்டிலிருந்து கேப்டனின் மகள் போன் பண்ணுவாள். அந்தப் பெண்ணின் பேச்சு அருவி மாதிரி கொட்டும், பாதி புரியாது. ஊர் ஊராய்ச் சுற்றியதில் கெட்டுப்போன இங்கிலீஷ் என்று இவள் முடிவு கட்டியிருந்தாள். கேப்டனுக்கு வாதம் வந்ததிலிருந்து குரல் மெலிந்து கரகரத்துவிட்டது. இவளுக்கோ சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். இரண்டு மூன்று தடவை இவள் போனை எடுத்து ஹலோ என்றதும், மகள் 'அப்பா!' என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தச் செய்தி அன்றைக்கே நாலு மாடிக்கும் பரவியது.

"பெத்த பொண்ணே ஏமாந்துபோச்சுன்னா பாத்துக்கோ," என்றார் டெய்லர். அதற்கு மேல் ஒரு சான்றிதழ் வேண்டுமா?

வேண்டியிருந்தது. வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லம் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. புருஷனையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

புருஷன் ரொட்டி ஆலையில் மாவு சலிப்பவன். இருபது வருஷ மாவு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. படியேறி வரும்போது இரண்டாவது மாடியில் ஒரு தடவை நின்று இருமுவான். அந்த இருமல் கேட்டால் அவள் அடுப்பில் டீத்தண்ணீர் வைப்பாள். 'மாவ விட்டாத்தான் மூச்சு. இல்லேன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல படியே ஏற முடியாது' என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்கு வேறு வேலை தெரியாது. ஆகவே அந்த வீட்டின் மூச்சு முழுக்க அவள் வாயில்தான் இருந்தது.

இரண்டு தடவை தேர்வு எழுதியாயிற்று. வாசிப்பதிலும் எழுதுவதிலும் நல்ல மார்க். பேச்சில் இரண்டு தடவையும் போய்விட்டது. இரண்டு தடவையும் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசச் சொன்னார்கள்.

"மெஷினுக்கு என்னடி தெரியும்?" என்றாள் புருஷனின் அக்கா. தன் புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். வாயில் நூலைக் கடித்துக்கொண்டே பேசுவாள். "அசல் பாலைக் கொண்டுபோய் நீட்டினா, அது தண்ணிப் பாலையே குடிச்சுக் குடிச்சுக் கெட்டுப்போன மெஷினு. வேண்டாம்னு துப்பத்தானே செய்யும்?"

"இந்தத் தடவை மெஷின் இல்ல அண்ணி. ஆளு. எதுக்க ஒக்காந்து கேப்பாங்களாம்."

"அப்படிச் சொல்லு. வெள்ளைக்காரியா?"

"அந்த ஊர்க்காரங்கதான்னு போட்டிருக்கு."

"அப்ப முடிஞ்சுபோச்சு. நீ வாயத் தொறந்ததும் அவ எழுந்து நிப்பா பாரு, நம்ம ஊர்க்காரி வந்துட்டான்னு."

புருஷன் சுவரில் சாய்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தான். புருவத்திலும் காது மடலிலும் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. "சும்மா ஏத்திவிடாதக்கா. அவளே பயந்துபோய் இருக்கா."

"நான் எங்கடா ஏத்திவிட்டேன்? உள்ளதச் சொன்னேன். ஏம்மா, எங்க, ஒரு வாட்டி பேசிக் காட்டு. காது குளிரட்டும்."

"எதப் பேசறது?"

"எதையாவது பேசு. எனக்கா புரியப்போகுது?"

அவள் கண்ணை மூடினாள். மூன்று எண்ணினாள். பிறகு, தன் புருஷன் ரொட்டி ஆலையில் வேலை செய்கிறான், நல்ல மனுஷன், அவனுக்காகத்தான் நான் இந்த வேலைக்குப் போகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். நடுவில் மூச்சு நின்றது. கடைசிச் சொல் மெல்ல இறங்கியது.

அக்காக்காரி ஊசியைப் பிடித்த கை அப்படியே நிற்கக் கேட்டாள். "என்னா கம்பீரம்!" என்றாள். "எனக்கே கண்ணுல தண்ணி வருது. என்னடி சொன்ன?"

"சும்மா. மழை வரும்போல இருக்குன்னு."

புருஷனுக்கு ஒரு சொல் புரிந்துவிட்டது. ரொட்டி. அவன் டம்ளருக்குள் சிரித்துக்கொண்டான்.

மறுநாள் தேர்வுக்குப் போகும் முன்னால் கேப்டனைக் கவனித்துவிட்டுத்தான் போனாள். அன்று மாதத்தின் முதல் திங்கள். முதல் திங்களில் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு, டாக்டர் சொல்லிக் கொடுத்தது. நோயாளியைச் சிரிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் தூக்கச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். போன மாதத்தைவிட மோசமாக இருந்தால் மூளையில் புதிதாக அடி விழுந்திருக்கிறதென்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிட வேண்டும். ஒன்பது வருஷமாகச் செய்து வருகிறாள்.

"சிரிங்க கேப்டன்."

அவர் சிரித்தார். வலது பக்கம் மட்டும் மேலே போனது.

"கை."

வலது கை எழுந்தது. இடது கை மடியிலேயே கிடந்தது. எல்லாம் போன மாதம் மாதிரிதான். நோட்டில் குறித்துக்கொண்டாள். அவளும் அவரும் பேசிக்கொண்டது இங்கிலீஷில்.

"இன்னிக்கா... உன் பரீட்சை?" என்றார்.

"ஆமா. நான் பேசறது உங்கள மாதிரி இருக்குதா? நிஜத்தச் சொல்லுங்க."

அவர் முகத்தின் பாதி அசைந்தது. கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. வாதம் வந்ததிலிருந்து அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வழியில்தான் வெளியே வரும். ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் எது எதுவென்று அவளுக்குச் சில நேரம் தெரியாது.

"அச்சு அசலா... என்னை மாதிரியே," என்றார்.

தேர்வு நடந்த அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். ஜன்னலுக்கு வெளியே மழை சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடி, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. அவள் ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்திவிட்டு, இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள்.

இவள் மூன்று எண்ணினாள். "பஸ்ஸில் வந்தேன்," என்றாள்.

அந்த அம்மா எழுந்து நிற்கவில்லை. ஆனால் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்தாள். அடுத்த கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள். அதற்கடுத்ததை இன்னும் மெதுவாக. 'அவசரமில்லை, நிதானமாச் சொல்லுங்க' என்றாள். இங்கிலீஷம்மாவுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் கிளம்பியது. கேஸ்காரர்கள் தரும் அதே மரியாதை. கேப்டனைப் பற்றிச் சொன்னாள், வேலையைப் பற்றிச் சொன்னாள். வாயின் ஓரம் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. ஒரு பிசகில்லை.

அந்த அம்மா சட்டென்று கை நீட்டிப் பொத்தானை அணைத்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"தயவுசெய்து பயப்படாதீங்க," என்றாள். "எனக்காக ஒரு தடவை சிரிக்கறீங்களா?"

இவள் சிரித்தாள்.

"ரெண்டு கையையும் தூக்குங்க. இப்படி."

இரண்டு கையும் மேலே போயின. போகும்போதே, பாதி வழியில், அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்பதும் தெரிந்தது. ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு முதல் திங்களும் இவள் கேட்டது. தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. அந்த அம்மா வண்டியைக் கூப்பிடுவதற்குக் கைப்பையில் போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை," என்றாள் இவள். அதையும் மூன்று எண்ணிவிட்டுத்தான் சொல்ல முடிந்தது.

தேர்வில் போனது. உடம்பில் கோளாறில்லையென்று நீங்களே சொன்ன பிறகு, கேட்டதற்குத்தான் மார்க் போட முடியும் என்றாள் அந்த அம்மா. அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது. மாதக் கடைசிப் புதன்கிழமை இன்னொரு தேர்வு இருக்கிறது, முயன்று பாருங்கள் என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, மாட்டியிருந்த துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"இங்கிலீஷ்ல நான் வாயத் தொறந்தா, வாதம் வந்தவ பேசற மாதிரி இருக்காம்."

"யாருக்கு வாதம்?" என்றான் புருஷன்.

"யாருக்கும் இல்ல. கேப்டனுக்குத்தான். அவருக்கு வாதம் வந்த பின்னாடிதானே நான் போனேன். அதுக்கு முன்னாடி அவர் எப்படிப் பேசினாருன்னு எனக்கு என்ன தெரியும்? அவரு நாக்கு பொரளாம நின்னு நின்னு பேசினத நான் பெரிய மனுஷத்தனம்னு புடிச்சுக்கிட்டேன்."

அக்காக்காரியின் மடியிலிருந்து நூல் கண்டு கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியது.

"அடிப்பாவி," என்றாள் அக்காக்காரி. "அதான் கேஸ்காரன் அப்படி ஓடி ஓடி வந்தானா!"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பீறிட்டு வந்த சிரிப்பை அடக்க முடியாமல் புருஷனும் சிரித்தான். இவளும் சிரித்தாள். "ஐயோ, அந்த டெய்லரு! அவரும் அதே மாதிரி வாயக் கோணிக்கிட்டு கடையில பேசிப் பாக்கறாரே!" என்று அக்காக்காரி தொடையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பு புருஷனுக்கு இருமலாக மாறியது. அது நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கழுத்து நரம்பு தெரிய இருமினான். அவள் முதுகைத் தடவினாள். அவன் நிமிர்ந்தபோது யாரும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை.

"அடுத்த பரீட்சைக்கு எத்தன நாள் இருக்கு?" என்றான்.

"மூணு வாரத்துக்குக் கொஞ்சம் மேல."

"ஒம்பது வருஷம் படிச்சத மூணு வாரத்துல மறக்க முடியுமா?"

"மறந்துதானே ஆகணும்."

மறுநாள் கேப்டனுக்குக் கஞ்சி ஊட்டும்போது அவர் வாயை அவள் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஊட்டினாள். அவர் புரையேறி இருமினார். கழுத்துத் துண்டால் துடைத்துவிட்டு, மனசுக்குள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவள் மனசுக்குள் எண்ணினாள். மூன்றைத் தாண்டி, பத்தையும் தாண்டிவிட்டது.

"மொதல்ல... நீ கேலி பண்றேன்னு... நெனச்சேன்," என்றார். "கோவமா வந்துச்சு. அப்புறம்... கேலி இல்லேன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்... இந்த வீட்டுல ரெண்டு பேரும் ஒரே மாதிரி... பேசறோம். எனக்கு... ஒண்ணும் ஆகாத மாதிரி இருந்துச்சு."

"என் வீட்டுக்காரரு நெஞ்சு, கேப்டன். அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார். கண்ணோரம் நனைந்தது. சிரிப்பு இல்லையென்று இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்தது.

அவள் கேப்டனின் மகளுக்குச் செய்தி அனுப்பி, அப்பாவின் பழைய குரல் இருக்கிறதா என்று கேட்டாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. இரண்டு நாளில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. கேப்டன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கப்பல்காரர்கள் நடுவில் பேசியது, மூன்று நிமிஷம். 'நண்பர்களே, நான் அதிகம் பேசப்போவதில்லை' என்று ஆரம்பித்தது. வழவழவென்று, எங்கும் நிற்காமல், சோப்பு நுரையில் கை வழுக்குவது போல ஓடுகிற குரல். ஓர் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அடுத்த நகைச்சுவைக்குப் போய்விட்டிருந்தார். இந்த ஆளை அவளுக்குத் தெரியாது.

கேப்டன் வீட்டு அடுப்படியில் காதில் வயரை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவியபடியே சொல்லிப் பார்த்தாள். நாக்கு சண்டித்தனம் செய்தது. மூன்று எண்ணாமல் பேசினால் படிக்கட்டு இல்லாத இடத்தில் காலை வைத்தது போல இருந்தது. ஆனாலும் விடவில்லை. நாலைந்து நாளில் முதல் வாக்கியம் ஓடியது. பிறகு இரண்டாவது.

ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது, சக்கர நாற்காலியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு கேப்டன் அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தார்.

"போடு... நானும் கேக்கறேன்."

தயங்கினாள். பிறகு வயரைப் பிடுங்கிவிட்டுச் சத்தமாகப் போட்டாள். மூன்று நிமிஷமும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கைதட்டலோடு முடிந்தது. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாப் பேசறான்," என்றார்.

அவ்வளவுதான். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று மாலை கஞ்சி போதுமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாளும் அப்படித்தான். வேண்டியதைக் கைகாட்டினார், வேண்டாததற்கு உதட்டை மூடிக்கொண்டார். புதிதாக அடி விழுந்துவிட்டதோ என்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சிரிக்கச் சொன்னாள், கை தூக்கச் சொன்னாள். இரண்டும் போன மாதம் மாதிரிதான். வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச முடியாமல் இல்லை. பேச மாட்டேன் என்கிறார்.

கட்டடத்திலும் ஒன்று நடந்தது. டெய்லர் போனை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் எண்ணாமல், நிறுத்தாமல், புதுக்குரலில் கேஸ் கம்பெனியோடு பேசினாள். எதிர்முனையில் இருந்தவன் அவளைப் பாதியில் வெட்டி, வரிசையில் காத்திருக்கச் சொல்லி ஏதோ பாட்டைப் போட்டுவிட்டான். இருபத்தைந்து நிமிஷம் பாட்டு ஓடியது.

"என்னம்மா இது, பழைய மாதிரி பேசேன்," என்றார் டெய்லர். "காரியம் ஆகணும்ல?"

"பேசக் கூடாதுங்க. திரும்ப ஒட்டிக்கும்."

"அதுவா அழகு, இதுவா அழகு? இது எல்லாரும் பேசற மாதிரி இருக்கு."

"எல்லாரும் பேசற மாதிரி இருந்தாத்தான் பாஸு," என்றாள் உள்ளேயிருந்து அக்காக்காரி. "நீங்க போய் உங்க வாய நேராக்குங்க மொதல்ல."

ஒரு ஞாயிறு, அப்பா தூங்குகிறார் என்று கேப்டனின் மகளிடம் சொல்லிச் சமாளித்தாள். அடுத்த ஞாயிறு அது செல்லவில்லை. புதன்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது. ஜன்னலில் மழை. கேப்டனுக்கு முகம் சவரம் செய்து, வெந்த முட்டையில் பாதியை மசித்துக் கொடுத்து முடித்திருந்தாள். போன் அடித்தது. எடுத்து அவர் காதில் வைத்தாள்.

மகள் பேசுவது வெளியே கேட்டது. அப்பா, எப்படி இருக்கீங்க. அப்பா? கேக்குதா? கேப்டன் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்க. போன வாரமும் பேசல. ஒரே ஒரு வார்த்தை. அப்பா?"

"பேசுங்க கேப்டன்," என்று இவள் கெஞ்சினாள். "பாவம் அந்தப் பொண்ணு."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் அழுகை ஆரம்பித்துவிட்டது. வாயிருந்தும் பேசாத மனிதரைப் பற்றி அத்தனை தூரத்தில் இருக்கும் மகளிடம் என்னவென்று சொல்வது? செய்ய வேண்டுமென்று நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போனைத் தன் வாய்ப்பக்கம் கொண்டுவந்தது. கண் மூடிக்கொண்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"இருக்கேன்..." என்றாள். "இங்கதான்... இருக்கேன்."

"அப்பா!" என்று அந்தப் பெண் விம்மினாள். "என்னப்பா, இப்படிப் பயமுறுத்தறீங்க!"

கேப்டனின் கண்கள் அகலமாகத் திறந்தன. வலது கை நாற்காலியின் பிடியைப் பற்றியது. தடுக்கவில்லை.

"என்ன சாப்பிட்டீங்க?"

"பாதி முட்டை... கஞ்சி."

"அங்க மழையா?"

"ஆமா... ஓயல."

எல்லாக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. தூக்கம், மாத்திரை, முதுகுப் புண், எல்லாமே அவளுக்குத் தெரிந்தவை. குரல் அதன் பழைய இடத்தில் போய்ப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது. மூச்சு அதுவாக நின்றது. கடைசிச் சொல் அதுவாக இறங்கியது. அவள் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லாப் பாத்துக்கறாளாப்பா?"

ஒன்று. இரண்டு. மூன்று.

"பாத்துக்கறா."

"உங்க பழைய பேச்ச அனுப்பச் சொன்னா. பரீட்சைக்காகத்தான் இருக்கும். நான் எப்பவோ சொல்லியிருக்கணும் அவகிட்ட. உங்கள மாதிரியே பேசறாப்பா, கேக்கவே கஷ்டமா இருக்கும் எனக்கு. ஆனா உங்களுக்கு ஒரு தொணையா இருக்கேன்னு விட்டுட்டேன். நான் தப்புப் பண்ணிட்டேனா?"

அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, லேசான குரலில் சொன்னாள்.

"இன்னிக்கு நல்லாப் பேசறீங்கப்பா. போன மாசத்தவிட எவ்வளவோ தெளிவா இருக்கு."

போனை வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்ச் சோப்புத் தண்ணீரில் கஞ்சிக் கிண்ணத்தைத் தேய்த்தபடி சுவரைப் பார்த்து நின்றாள். நண்பர்களே, நான் அதிகம் பேசப்போவதில்லை. சொல்ல வாயைத் திறந்தாள். வாயின் இடது ஓரம் இறங்கியது. மறுபடி முயன்றாள். மறுபடி இறங்கியது. இத்தனை நாளாகச் சேர்த்த குரலை நாக்குக்கடியில், பல்லுக்கிடையில் எங்கே தேடியும் காணவில்லை. ரொட்டி ஆலையில் இந்நேரம் சல்லடை ஆடிக்கொண்டிருக்கும். இரண்டாவது மாடியில் நின்று இருமும் சத்தம் இரண்டு தெரு தாண்டி இங்கே கேட்காது. அவளுக்குக் கேட்டது.

பின்னால் சக்கரம் உருளும் ஓசை. கேப்டன் வாசலில் வந்து நின்றார். பல நாளாக மூடியிருந்த வாயைத் திறந்தார்.

"சிரி," என்றார்.

அவள் திரும்பினாள். சிரித்தாள்.

"கை."

இரண்டு கையையும் தூக்கினாள். சோப்புத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கியது. அவர் ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். அவசரப்படாமல், நோட்டில் குறித்துக்கொள்ளப் போகிறவர் போலப் பார்த்தார்.

"உனக்கு... ஒண்ணும் இல்ல," என்றார்.

தெரியும் என்று சொல்ல நினைத்தாள். கை தூக்கியபடியே இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.